பார்த்ததையும் கேட்டதையும் எழுதுங்கள்

திரை விமர்சனம் எழுதுகிற, பேசுகிற நண்பர்களுக்கு,

வெள்ளிக்கிழமை காலைக் காட்சி முடிந்து மதியச் சாப்பாட்டுக்குள் உங்கள் கருத்து வந்துவிடுகிறது. நாளிதழிலும் வார இதழிலும் எழுதுகிறவர்கள், யூடியூபில் பேசுகிறவர்கள், முகநூலில் நீளமாகப் பதிவிடுகிறவர்கள் என உங்களில் பலரை நான் விடாமல் பின்தொடர்கிறேன். ஒரு படத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று எத்தனையோ பேர் உங்கள் சொல்லை நம்பித்தான் முடிவு செய்கிறார்கள். அந்த நம்பிக்கை உங்களிடம் இருப்பதால்தான் இந்தக் கடிதத்தை உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் விமர்சனங்களின் அமைப்பைக் கொஞ்சம் பாருங்கள். முதலில் கதைச் சுருக்கம். அடுத்து நடிகர்கள். பிறகு முதல் பாதி விறுவிறுப்பு, இரண்டாம் பாதி தொய்வு. அப்புறம் லாஜிக் ஓட்டைகள். கடைசிப் பத்தியில், ‘ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி, பின்னணி இசை படத்துக்குப் பலம், எடிட்டர் இன்னும் கொஞ்சம் கத்தரி போட்டிருக்கலாம்’ என்று ஒரே வாக்கியம். அந்தக் கலைஞர்களுக்குரிய மரியாதை கிடைக்கவில்லை என்பதற்காக நான் வருத்தப்படவில்லை. என் வருத்தம் வேறு. படத்தின் பொருள் உருவாவதே அந்தக் கடைசி வாக்கியத்துக்குள் நீங்கள் அடைத்துவிடும் இடத்தில்தான். கேமரா எங்கே நின்றது, எதைக் காட்ட மறுத்தது, எந்த ஓசையை நம் காதில் போட்டது, எப்போது மௌனமானது என்பதையெல்லாம் விட்டுவிட்டால், நாம் அலசுவது படத்தை அல்ல, படத்தின் கதைச் சுருக்கத்தை.

ஒரு கச்சேரிக்குப் போய்வந்தவர், பாட்டின் சாகித்தியத்தை மட்டும் உரைநடையில் எழுதிவிட்டு, ‘குரல் நன்றாக இருந்தது, மிருதங்கம் பலம் சேர்த்தது’ என்று முடித்தால் அதைச் சங்கீத விமர்சனம் என்று ஒப்புக்கொள்வோமா? ராகம் எப்படி வளர்ந்தது, நிரவலுக்கு எந்த வரியை எடுத்தார், எங்கே நிறுத்தினார் என்றல்லவா கேட்போம். சினிமாவிடம் மட்டும் ஏன் அதைக் கேட்காமல் விடுகிறோம்?

உருவமா உள்ளடக்கமா என்ற வழக்கு நமக்குப் புதிதல்ல. சி.சு. செல்லப்பா 1959-ல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய காலத்திலிருந்து கவிதையிலும் கதையிலும் அந்தச் சண்டை நடந்திருக்கிறது. சினிமாவில் அதற்கு இன்னும் பழைய வரலாறு உண்டு. பழகிப்போன ஒன்றை முதல்முறை பார்ப்பதுபோல் பார்க்கவைப்பதே கலையின் வேலை என்று ரஷ்யாவின் விக்டர் ஷ்க்லோவ்ஸ்கி 1917-ல் வாதாடினார். பேசும்படம் வந்த புதிதில், 1928-ல், ஐசன்ஸ்டைன், புடோவ்கின், அலெக்ஸாந்த்ரோவ் மூவரும் ஒலி பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். வாய் அசைந்தால் பேச்சு, கதவு மூடினால் சத்தம் என்று ஒலியைப் படத்தின் நிழலாக ஆக்கிவிடாதீர்கள், ஒலியும் காட்சியும் ஒன்றோடொன்று மோதட்டும், அந்த மோதலில் புதுப் பொருள் பிறக்கும் என்பது அதன் சாரம். பத்தே ஆண்டுகளுக்குள் அதே நாட்டில் ‘உருவவாதி’ என்பது குற்றச்சாட்டாக மாறியது. ஐசன்ஸ்டைனின் ‘பெஷின் மெடோ’ படம் 1937-ல் பாதியில் நிறுத்தப்பட்டது.

மக்களை மறந்தவன்தான் உருவத்தைக் கட்டிக்கொண்டு அழுவான் என்பது அந்தக் குற்றச்சாட்டின் அடிப்படை. நம்மூரிலும் இந்த எண்ணம் போகவில்லை. ‘ஆர்ட் படம்’, ‘ஃபெஸ்டிவல் படம்’ என்று ஒதுக்கும்போது நாம் சொல்வது அதைத்தான். அது தவறு என்பதற்கு இரண்டு படங்களைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க விரும்புகிறேன். ஒன்று சிறையிலிருந்து வந்தது, மற்றொன்று அகதிகள் குடியிருப்பிலிருந்து.

பிரான்ஸின் ராபர்ட் ப்ரெஸ்ஸான் 1956-ல் எடுத்த ‘எ மேன் எஸ்கேப்ட்’. நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில், 1943-ல், லியோன் நகரத்து மோன்லுக் சிறையிலிருந்து தப்பிய ஆந்த்ரே தெவின்யி எழுதிய அனுபவக் குறிப்புதான் இதற்கு மூலம். ப்ரெஸ்ஸானும் ஜெர்மானியரிடம் போர்க்கைதியாக இருந்தவர். தலைப்பிலேயே முடிவு இருக்கிறது. ஆகவே ‘அடுத்து என்ன’ என்ற கேள்விக்கு இங்கே வேலை இல்லை. ‘எப்படி’ மட்டும் மிஞ்சுகிறது.

தொடக்கக் காட்சி. ஓடும் காரின் பின்சீட்டில் கைதி ஃபோன்டேன். அவன் கை மெல்லக் கதவின் கைப்பிடியைத் தொடுகிறது, விலகுகிறது, மறுபடி தொடுகிறது. கார் வேகம் குறையும் ஒரு கணத்தில் கதவைத் திறந்துகொண்டு பாய்கிறான். எந்த இயக்குநரும் கேமராவை அவன் பின்னால் ஓடவிடுவார். ப்ரெஸ்ஸான் காருக்குள்ளேயே இருந்துவிடுகிறார். காலியான இருக்கையையும் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் இன்னொரு கைதியையும் நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வெளியே துப்பாக்கிச் சத்தம், ஓடும் காலடிகள். சற்று நேரத்தில் அவனைப் பிடித்துக்கொண்டு வந்து அதே இருக்கையில் திணிக்கிறார்கள். தப்பி ஓடியவனோடு நாம் ஒரு விநாடிகூட வெளியே போகவில்லை. கைதியின் நிலை என்ன என்று யாரும் வாய்திறந்து சொல்லாமலே, கேமரா நின்ற இடம் சொல்லிவிட்டது.

சிறைக்குள் போன பிறகு இந்தக் கட்டுப்பாடு இன்னும் இறுகுகிறது. கட்டடம் எப்படி அமைந்திருக்கிறது, எத்தனை மாடி, மதில் எங்கே என்று விளக்கும் பரந்த ஷாட் நமக்குக் கிடைப்பதில்லை. கிடைப்பது கைகள், கரண்டி, கதவு, ஒரு முகம். மற்ற எல்லாம் காது வழியாக வருகின்றன. இரும்புக் கரண்டியைத் தரையில் தேய்த்துக் கூராக்கி, கதவுப் பலகைகளின் இணைப்பைச் சுரண்டுகிறான் ஃபோன்டேன். அந்தச் சுரண்டல் ஓசை நமக்கு அவன் நம்பிக்கை, அதே சமயம் அவனைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஆபத்து. காவலன் படியிறங்கும்போது சாவியைக் கைப்பிடிக் கம்பியில் தட்டிக்கொண்டே வருகிறான். அந்தச் சத்தத்தை வைத்து அவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று ஃபோன்டேன் கணக்கிடுகிறான். கொஞ்ச நேரத்தில் நாமும் கணக்கிடத் தொடங்குகிறோம். முற்றத்திலிருந்து வரும் வேட்டுச் சத்தம் யாரோ ஒருவருக்கு மரண தண்டனை நிறைவேறியதைச் சொல்கிறது. எங்கோ போகும் ரயிலின் கூவல், வெளியே உலகம் ஓடிக்கொண்டிருப்பதைச் சொல்கிறது.

இதுதான் நான் சொல்ல வந்தது. அடைபட்ட மனிதனுக்குக் கண் பயன்படாது, காதுதான் உளவாளி. படம் இதை வசனமாகச் சொல்லாமல், நம் கண்ணையும் அடைத்து நம் காதைக் கூராக்கிவிடுகிறது. ஒலியால் சொல்ல முடிந்த இடத்தில் காட்சியை விலக்கிவிட வேண்டும் என்பது ப்ரெஸ்ஸானின் கொள்கை. அது வெறும் கலைக் கொள்கையாக இருந்திருக்கலாம். இந்தப் படத்தில் அது ஒரு கைதியின் உயிர்ப் பிரச்சினையாகிவிடுகிறது. தப்பிக்கும் இரவில், கூரைமேல் கொட்டியிருக்கும் சரளைக்கற்கள் காலடியில் நொறுங்குகின்றன. ரயில் கடந்துபோகும் இரைச்சல் வரும்போது மட்டும் ஃபோன்டேனும் அவனோடு தப்பும் அறைத்தோழனும் நகர்கிறார்கள். ஏதோ ஒன்று கிரீச்சிடும் ஓசை வந்து வந்து போகிறது. அது சைக்கிளில் சுற்றிவரும் காவலன் என்று புரியும்வரை அவர்களைப்போலவே நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறோம். ஒரு காவலனைக் கொன்றே ஆகவேண்டிய கட்டம். ஃபோன்டேன் சுவர் மூலையைத் தாண்டிச் சட்டகத்தை விட்டு வெளியேறுகிறான். கொஞ்ச நேரம் வெறும் சுவர். திரும்பி வருகிறான். கொலை நம் பார்வைக்கு வரவில்லை. அதில் ரசிக்க ஏதும் இல்லை என்று இயக்குநர் எடுத்த முடிவு அது. அந்த அறத்தை அவர் சட்டகத்தின் விளிம்பை எங்கே வைத்தார் என்பதில் படிக்கலாம்.

இசையும் அப்படித்தான். படம் நெடுகத் திகில் இசை கிடையாது. மொசார்ட்டின் சி மைனர் திருப்பலி இசையில், ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ என்று மன்றாடும் பகுதி சில இடங்களில் மட்டும் எழுகிறது. எந்த இடங்களில்? பெரும்பாலும், கைதிகள் கழிவு வாளிகளைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் வரிசையாக நடக்கும் இடங்களில். கண்ணில் படுவது மனிதனின் ஆகக் கடைசி நிலை, காதில் விழுவது பிரார்த்தனை. இரண்டும் மோதும்போது அந்த வரிசைக்கு ஒரு மாண்பு வந்துவிடுகிறது. 1928 அறிக்கை கேட்டது இதைத்தான். நம் விமர்சன வழக்கப்படி எழுதினால் இந்த இடம் ‘பின்னணி இசை பலம்’ என்று முடிந்துபோகும்.

அடுத்தது ரித்விக் கட்டக்கின் ‘மேகே டாக்கா தாரா’, 1960. கிழக்கு வங்கத்திலிருந்து பெயர்ந்து கல்கத்தா விளிம்பில் குடியேறிய அகதிக் குடும்பம். மூத்த மகள் நீதா சம்பாதித்து எல்லோரையும் தாங்குகிறாள். தாங்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராக மேலே ஏற, அவள் காசநோயில் விழுகிறாள். கதையாகச் சொன்னால், குடும்பத்துக்காக உருகிப்போகும் மூத்த பெண் என்று நாம் எத்தனையோ முறை பார்த்த மெலோடிராமா. கட்டக் மெலோடிராமாவைக் கண்டு கூச்சப்பட்டவர் இல்லை. அதன் உள்ளே ஒலியை வைத்து அவர் செய்ததுதான் இந்தப் படத்தை வேறொரு உயரத்துக்குக் கொண்டுபோகிறது.

நீதா தன் காதலன் சனத்தின் வீட்டுக்குப் போகிறாள். அவனோடு இன்னொரு பெண் இருப்பதை உணர்ந்துகொள்கிறாள். எதுவும் கேட்காமல் திரும்புகிறாள். படியிறங்கி வரும் அவளைக் கேமரா கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறது, அவள் கை கழுத்தருகே போகிறது. அப்போது ஒலித்தடத்தில் சாட்டை வீசும் ஓசை. அந்தக் கட்டடத்தில் சாட்டை இல்லை, சாட்டை பிடித்த ஆளும் இல்லை. காட்சிக்குள் எங்கிருந்தும் வராத அந்த ஓசை நேரே நம்மேல் விழுகிறது. பின்னொரு முறை, அண்ணன் சங்கரோடு சேர்ந்து அவள் ரவீந்திர சங்கீதம் பாடும் இரவிலும் அதே சாட்டை. முதல்முறை அது ஒரு பெண்ணின் காதல் வலி. இரண்டாம் முறை கேட்கும்போது, இவளை அடிப்பது ஒரு காதலன் மட்டுமில்லை என்று தெரிந்துவிடுகிறது. குடும்பம், வறுமை, நாட்டைப் பிளந்த எல்லைக்கோடு எல்லாம் சேர்ந்து வீசும் சாட்டை அது. எந்தப் பாத்திரமும் இந்த வாக்கியத்தைப் பேசவில்லை. ஒரே ஒலியை இரண்டு இடங்களில் வைத்ததால் அது தானாகச் சேர்ந்துகொண்டது.

தாயின் பாத்திரமும் அப்படியே. மகள் கல்யாணமாகிப் போய்விட்டால் அடுப்பு எரியாது என்ற பயம் அந்தத் தாய்க்கு. சனத் வீட்டுக்கு வரும்போது அவள் முகத்தின் மேல் அடுப்பில் எதுவோ கொதிக்கும் ஓசை பெரிதாகிறது. அவளைக் கெட்டவள் என்று சொல்ல வசனம் தேவைப்படவில்லை. அவள் கெட்டவளும் இல்லை. பசிக்குப் பயந்தவள். சமையலறையின் ஒலி அவள் மனதின் ஒலியாக மாறியதால்தான் அந்த இரண்டும் ஒருசேர நமக்குப் புரிகிறது.

பிறகு அந்தச் செருப்பு. படத்தின் தொடக்கத்தில் நடந்து போகும் நீதாவின் செருப்பு வார் அறுந்துபோகிறது. கடைசியில், ஷில்லாங் மலையில், ‘நான் வாழ ஆசைப்பட்டேன்’ என்று அவள் அலறி, அந்தக் குரல் மலைகளில் சுற்றிச் சுற்றி ஒலித்து ஓய்ந்த பிறகு, ஊர் திரும்பிய சங்கரின் கண்ணெதிரே முன்பின் தெரியாத வேறொரு பெண் நடந்து போகிறாள். அவள் செருப்பு வாரும் அறுகிறது. சிரித்துவிட்டு நடையைத் தொடர்கிறாள். அவ்வளவுதான். இவள் ஒருத்தியின் கதை இல்லை இது, ஊரெங்கும் நீதாக்கள் இருக்கிறார்கள் என்பதைத் தொடக்கமும் முடிவும் ஒத்து ஒலிப்பதாலேயே படம் சொல்லிவிடுகிறது. கதைச் சுருக்கத்தில் இந்தச் செருப்புக்கு இடமே இருக்காது.

உருவத்தில் கவனம் வைக்கும் படம் என்றால் எப்போதும் துயரமும் இறுக்கமும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். ழாக் தாத்தியின் ‘ப்ளேடைம்’ (1967) 70 மி.மீ. பிலிமில் எடுத்த பெரிய நகைச்சுவைப் படம். நவீன அலுவலகம் ஒன்றின் நீண்ட நடைபாதை. அதன் மறுகோடியிலிருந்து ஓர் அதிகாரி நடந்து வருகிறார். அவர் ஷூ ஓசை தெளிவாகக் கேட்கிறது, ஆள் வந்துசேரவே மாட்டேன் என்கிறார். காத்திருக்கும் நாயகன் ஹுலோ எழுந்திருக்கப் பார்க்கிறார், வாயிற்காவலர் உட்காரச் சொல்கிறார். நவீன கட்டடம் மனிதனை எப்படிச் சிறுக்கவைக்கிறது என்பதை ஒரு நடையோசையில் தாத்தி சொல்லிவிடுகிறார், நாமும் சிரித்துக்கொண்டே அதைப் புரிந்துகொள்கிறோம்.

ஷான்தால் அக்கர்மானின் ‘ழான் தீல்மான்’ (1975) இன்னொரு வழி. ஒரு விதவைத் தாயின் மூன்று நாட்கள், மூன்று மணி நேரத்துக்கும் மேல். அசையாத கேமரா, பின்னணி இசை கிடையாது. விளக்கு ஸ்விட்ச், குதிகால் செருப்பு, குழாய்த் தண்ணீர், இவைதான் ஒலிகள். முதல் நாள் முழுக்க அவள் வேலைகளின் ஒழுங்கு நமக்குள் ஏறிவிடுகிறது. ஆகவே இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு குழைந்துபோகும்போது நாம் திடுக்கிடுகிறோம். உருளைக்கிழங்கு குழைவது எந்தக் கதையிலும் திருப்பமாகாது. இங்கே ஆகிறது, ஏனென்றால் படத்தின் உருவம் நம்மை அதற்குத் தயார்படுத்தியிருக்கிறது.

அழகான ஷாட்டும் உருவமும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ட்ரோனில் எடுத்த மலைத்தொடர், ஸ்லோ மோஷனில் தெறிக்கும் மழைத்துளி, நாயகன் திரும்பும்போதெல்லாம் இருக்கையை அதிரவைக்கும் பி.ஜி.எம். இவற்றைப் பார்த்து ‘மேக்கிங் மிரட்டல்’ என்று எழுதுகிறோம். ஒரு சின்னப் பரிசோதனை போதும். இந்தக் காட்சியை வேறு இடத்தில் நின்று எடுத்திருந்தால் அதன் பொருள் மாறியிருக்குமா? இந்த ஓசையை எடுத்துவிட்டால் காட்சி வேறொன்றாகிவிடுமா? மாறும் என்றால் அது உருவம். மாறாது என்றால் வெறும் அலங்காரம். அலங்காரத்தை அலங்காரம் என்று சொல்லவும், உருவத்தை அடையாளம் காட்டவும் உங்களைவிட வசதியான இடத்தில் யார் இருக்கிறார்கள்?

நீங்கள் சொல்லக்கூடிய பதில்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. ‘வாசகருக்கு இதெல்லாம் வேண்டாம், படம் நல்லா இருக்கா இல்லையா என்று சொன்னால் போதும்.’ ஆனால் நம் வாசகர் ஒரு பாட்டின் தொடக்க இசையைக் கேட்டே படத்தின் பெயரைச் சொல்லக்கூடியவர். காதில் அவருக்குக் குறை இல்லை. தான் கேட்டதைச் சொல்லத் தேவையான சொற்கள்தான் குறைவு, அந்தச் சொற்களைத் தருவது விமர்சனத்தின் வேலை. ‘நாங்கள் சினிமா தொழில்நுட்பம் படித்தவர்கள் இல்லையே’ என்பீர்கள். லென்ஸின் எண்ணோ மைக்கின் பெயரோ தெரிய வேண்டியதில்லை. மேலே நான் சொன்ன சாட்டையையும் சாவியையும் கவனிக்க எந்தப் பட்டமும் வேண்டாம். ‘இடமும் நேரமும் இல்லை’ என்பது உண்மையான சிரமம். ஆனாலும் கதைச் சுருக்கத்துக்குக் கொடுக்கும் நான்கு பத்திகளில் ஒன்றை விட்டுக்கொடுக்கலாம். கதை எப்படியும் டிரெய்லரிலேயே தெரிந்துவிடுகிறது.

நம் பக்கமிருந்து ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ 2024-ல் பின்னணி இசையே இல்லாமல் திரையரங்குக்கு வந்தது. இசை இல்லை என்பதைத் துணிச்சல் என்றும் குறை என்றும் எழுதலாம். நான் எதிர்பார்த்தது அடுத்த கேள்வியை. இசையை எடுத்துவிட்ட இடத்தில் எது கேட்டது? தொண்டையில் சுண்ணாம்பு பூசிக்கொண்டு கரகரத்த குரலில் அதட்டிக்கொண்டே வரும் பாண்டி. அவனெதிரே படம் நெடுக அநேகமாகப் பேசவே பேசாத மீனா. வழியெல்லாம் ஆட்டோவின் இரைச்சல். அதிகாரத்தின் குரல் புண்ணாகிக் கிடக்கிறது, பேச மறுப்பவளின் மௌனம் முழுசாக இருக்கிறது. அந்தப் படத்தின் பொருள் இந்த ஏற்பாட்டில்தான் அடங்கியிருக்கிறது. பின்னணி இசை போட்டிருந்தால் மீனாவின் மௌனத்தை அது நிரப்பியிருக்கும். நிரப்பியிருந்தால் அவளுடைய மறுப்பு நமக்குக் கேட்டிருக்காது.

செய்து பார்க்க எளிய பயிற்சி ஒன்று உண்டு. திரை ஒலியைப் பற்றி நிறைய எழுதிய பிரெஞ்சு ஆய்வாளர் மிஷேல் ஷியோன் பரிந்துரைத்தது. ஒரு காட்சியை ஒலியில்லாமல் பாருங்கள். அதே காட்சியைப் படமில்லாமல் கேளுங்கள். கடைசியாக இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தனியாக இருந்தபோது இல்லாத எது, சேர்ந்தபோது வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓ.டி.டி. வந்த பிறகு இதற்குத் தேவை ஒரு கைப்பேசியும் பத்து நிமிடமும்தான்.

என் வேண்டுகோள் பெரியதல்ல. அடுத்த வாரம் நீங்கள் எழுதப்போகும் விமர்சனத்தில், அது எந்த நட்சத்திரத்தின் படமாக இருந்தாலும், ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா எங்கே நின்றது, என்ன கேட்டது, அதனால் என்ன புரிந்தது என்று ஒரு பத்தி எழுதுங்கள். ‘அருமை’, ‘மிரட்டல்’, ‘பலம்’ என்ற சொற்களை அந்த ஒரு பத்தியில் மட்டும் தவிர்த்துவிடுங்கள். தன் வேலையை யாரோ கவனித்துக் கேட்டிருக்கிறார்கள் என்று ஓர் ஒலி வடிவமைப்பாளருக்கு அன்று தெரியும். அடுத்த படத்தில் அவர் இன்னும் துணிவார். அதைப் படித்த வாசகர் அடுத்த காட்சியில் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவார். அப்படிப்பட்ட பார்வையாளர்கள் பெருகினால், இயக்குநர்களும் எல்லாவற்றையும் வசனத்தில் ஒப்பிக்கத் தேவையில்லை என்று நம்புவார்கள். நல்ல சினிமாவுக்கான கோரிக்கை தயாரிப்பாளரிடமிருந்தோ அரசிடமிருந்தோ தொடங்க வேண்டியதில்லை. உங்கள் அடுத்த விமர்சனத்தின் ஒரு பத்தியிலிருந்தே தொடங்கலாம்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
உங்களைத் தொடர்ந்து வாசிக்கும் ஒரு பார்வையாளர்